கேள்வி–பதில்: குரோம் அணைத்த நீட்சியும் திறக்காத பழைய தளமும்

கேள்வி: குரோமில் பல வருடங்களாக யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) வைத்திருந்தேன். ஒரு அப்டேட்டுக்குப் பிறகு 'இந்த நீட்சிக்கு இனி ஆதரவில்லை' என்று தானாகவே அணைந்துவிட்டது. மறுபடி ஆன் செய்யவும் முடியவில்லை. பழைய குரோமை இறக்கிப் போட்டால் சரியாகுமா?
– கல்லூரி நூலகப் பணியாளர், திண்டுக்கல்

பதில்: பழைய குரோமைத் தேட வேண்டாம். போட்டாலும் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். அதைத் தடுத்து வைத்தால், அதற்குப்பின் கண்டுபிடிக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் அத்தனையும் உங்கள் கணினியில் திறந்தே கிடக்கும். விளம்பரத்தைத் தடுக்கப் போய் அந்த ஆபத்தை வாங்கிக்கொள்வது நல்ல பேரம் இல்லை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு நீட்சியிலும் மேனிஃபெஸ்ட் என்றொரு கோப்பு உண்டு. நீட்சியின் பெயர், அது கேட்கும் அனுமதிகள், எந்த விதிமுறைப்படி எழுதப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த விதிமுறையின் 3-ம் பதிப்பு 2021 ஜனவரியில் குரோம் 88-உடன் வந்தது. 2-ம் பதிப்பில் எழுதப்பட்ட நீட்சிகளுக்கு 2024 ஜூனில் பரிசோதனைப் பதிப்புகளில் எச்சரிக்கை தொடங்கி, அக்டோபரில் சாதாரணப் பதிப்பிலும் அணைக்கும் வேலை ஆரம்பமானது. நிறுவனங்களுக்கென இருந்த விலக்கும் குரோம் 138-உடன் முடிந்தது. விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால் பழைய நீட்சி உயிர் பெறும் என்று சுற்றிக்கொண்டிருக்கும் வீடியோக்கள் அந்த விலக்கைப் பயன்படுத்தியவை. 139 முதல் அந்த வழி இல்லை.

இரண்டு பதிப்புகளுக்கும் என்ன வேறுபாடு? பழைய முறையில் நீட்சியே வாசலில் நின்று, உள்ளே வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் விசாரித்து விடலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தது. புதிய முறையில் யாரை விடக்கூடாது என்ற பட்டியலை முன்கூட்டியே எழுதி உலாவியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்; முடிவு உலாவியுடையது. பட்டியலுக்கும் வரம்பு உண்டு. ஒரு நீட்சிக்கு 30,000 நிலையான விதிகள் உறுதி. அதற்கு மேல் வேண்டுமானால் எல்லா நீட்சிகளும் பங்குபோடும் பொதுக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். நீட்சியின் பின்னணி நிரலும் எப்போதும் விழித்திருக்க முடியாது. வேலை இல்லாவிட்டால் சுமார் 30 விநாடியில் அதைத் தூங்க வைத்துவிடும் குரோம்.

உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. குரோமிலேயே இருப்பதானால் யூபிளாக் ஆரிஜின் லைட். பெரும்பாலான விளம்பரங்களை அது தடுத்துவிடும். ஆனால் தடுப்புப் பட்டியல்கள் நீட்சியின் புதிய பதிப்போடு சேர்ந்துதான் வரும். ஒரு தளம் இன்று காலை உத்தியை மாற்றினால், முன்போல் மாலைக்குள் திருத்தம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விளம்பரம் நழுவி வரும் தளத்தில் மட்டும் நீட்சியின் ஐகானை அழுத்தி, வடிகட்டும் அளவை அடுத்த நிலைக்கு உயர்த்துங்கள். எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து உயர்த்தினால் வேறு ஏதாவது உடைய வாய்ப்பு அதிகம்.

நீங்களே எழுதிய வடிகட்டிகள் நிறைய இருந்தால் ஃபயர்ஃபாக்ஸ்தான் பொருத்தம். அங்கே பழைய முறை இன்னும் அனுமதிக்கப்படுகிறது. முழு யூபிளாக் ஆரிஜினும் ஓடுகிறது. எட்ஜுக்குத் தாவுவதில் நிரந்தரப் பலன் இல்லை. அதுவும் குரோமுக்கு அடிப்படையான அதே குரோமியம் நிரலின் மேல் நிற்பதுதான். மாறும்போது புக்மார்க்கையும் வரலாற்றையும் ஃபயர்ஃபாக்ஸின் இறக்குமதி வசதியே கொண்டுவந்துவிடும். விண்டோஸில் கடவுச்சொற்களை மட்டும் குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரில் சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, ஃபயர்ஃபாக்ஸில் ஏற்றுவதே நிச்சயமான வழி. ஏற்றிய கையோடு அந்தக் கோப்பை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். அதில் உங்கள் கடவுச்சொற்கள் எந்தப் பூட்டும் இல்லாமல் வெறும் எழுத்தாகக் கிடக்கும். நூலகக் கணினி என்றால் இதை மறக்கவே கூடாது.

கேள்வி: ஐபோனில் குரோம் வைத்திருக்கிறேன். கணினியில் இருக்கும் நீட்சிகளை அதில் சேர்க்க வழியே காணோமே?
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: வழி இல்லை. ஐபோனில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட் இயந்திரம்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2024 மார்ச்சிலும் ஜப்பானுக்கு 2025 டிசம்பரிலும் விலக்கு கிடைத்தது. சஃபாரிக்கு ஐ.ஓ.எஸ். 15 முதல் நீட்சிகள் உண்டு. ஆப் ஸ்டோரில் இறக்கி, செட்டிங்ஸில் சஃபாரி பகுதியில் ஆன் செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டு போன் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் போடுங்கள். 2023 டிசம்பரிலிருந்து அதில் நீட்சிகள் பெருமளவில் கிடைக்கின்றன.

கேள்வி: தமிழ்த் தட்டச்சுக்காக வைத்திருந்த பழைய நீட்சி புதிய ஃபயர்ஃபாக்ஸில் ஓடாததால் 56-ம் பதிப்பைத் தேடிப் பிடித்துப் போட்டேன். நீட்சி வந்துவிட்டது. ஆனால் புக்மார்க், கடவுச்சொல் எதுவுமே இல்லை. எல்லாம் அழிந்துவிட்டதா?
– அச்சகப் பணியாளர், சிவகாசி

பதில்: அழியவில்லை. ஆனால் இப்போதைக்கு அந்த 56-ஐத் திறக்காமல் இருங்கள்.

புக்மார்க், கடவுச்சொல், வரலாறு, நீட்சி எல்லாவற்றையும் ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைல் என்ற ஃபோல்டரில் வைக்கிறது. 2019 மே மாதம் வந்த 67-ம் பதிப்பு முதல், கணினியில் நிறுவப்படும் ஒவ்வொரு ஃபயர்ஃபாக்ஸுக்கும் தனித்தனி புரொஃபைல். சாதாரணப் பதிப்பின் ஃபோல்டர் பெயர் 'டிஃபால்ட்-ரிலீஸ்' என்று முடியும். 56-க்கு இந்த ஏற்பாடே தெரியாது. வெறும் 'டிஃபால்ட்' என்று முடியும் ஃபோல்டரைத்தான் தேடித் திறக்கும், அது பெரும்பாலும் காலியாக இருக்கும். உங்கள் தகவல் பக்கத்து ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது.

செய்ய வேண்டியது: ஃபயர்ஃபாக்ஸை முழுவதும் மூடுங்கள். ரன் பெட்டியில் (விண்டோஸ் விசையோடு R) %appdata% என்று கொடுத்து ஆப்டேட்டா ஃபோல்டரைத் திறந்து, மொசில்லா, ஃபயர்ஃபாக்ஸ், புரொஃபைல்ஸ் என்று உள்ளே போய், அந்த மொத்த ஃபோல்டரையும் பென்டிரைவில் பிரதி எடுங்கள். பிறகு 56-ஐ நீக்கிப் புதிய பதிப்பை நிறுவுங்கள். முகவரிப் பட்டையில் 'அபௌட்:புரொஃபைல்ஸ்' என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சிட்டால் புரொஃபைல்களின் பட்டியல் வரும். 'டிஃபால்ட்-ரிலீஸ்' உள்ளதைத் தேர்ந்தெடுத்து, அதையே இயல்பானதாக்கி, ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறங்கள்.

56-ஐக் கட்டாயப்படுத்தி அந்தப் புரொஃபைலைத் திறக்க வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. புதிய பதிப்பு முதல் தடவை திறக்கும்போதே புக்மார்க் தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றிவிடுகிறது. முன்னோக்கிப் போகும் மாற்றம் அது. பழைய பதிப்புக்கு அதைப் படிக்கத் தெரியாது. 67-க்குப் பிந்தைய பதிப்புகளில் பழையதற்கு இறங்கினால் 'புதிய புரொஃபைல் தொடங்கு, அல்லது வெளியேறு' என்று ஒரு எச்சரிக்கைப் பெட்டி வருவது இதனால்தான்.

கடவுச்சொல்லை மட்டும் வேறு புரொஃபைலுக்கு மாற்ற நினைப்பவர்கள் இரண்டு கோப்புகளைச் சேர்த்தே எடுக்க வேண்டும்: லாகின்ஸ்.ஜேசன், கீ4.டிபி. முதலாவதில் பூட்டிய கடவுச்சொற்கள், இரண்டாவதில் அவற்றின் சாவி. ஒன்றை மட்டும் நகலெடுத்தால் பயனில்லை. புக்மார்க்குக்கு இந்தக் கவலை குறைவு. 'புக்மார்க்பேக்கப்ஸ்' ஃபோல்டரில் வழக்கமாகக் கடைசி 15 பிரதிகள் இருக்கும்; புக்மார்க் நிர்வாகச் சாளரத்தின் 'ரீஸ்டோர்' வழியாகத் தேதி பார்த்து மீட்கலாம்.

இனி அந்த நீட்சி. 2017 நவம்பர் 14 அன்று வந்த 57-ம் பதிப்போடு பழைய கட்டமைப்பு நீட்சிகளின் காலம் முடிந்துவிட்டது. அவை உலாவியின் உள்ளுறுப்புகளையே தொட்டுத் திருத்தி வேலை செய்தவை. உலாவிக்குள் ஒரு பெயர் மாறினாலும் பத்து நீட்சிகள் விழும். அந்த நிலையில் உலாவியைப் பல செயல்முறைகளாகப் பிரித்து வேகப்படுத்த முடியவில்லை. எடுத்தது சரியான முடிவுதான், இழப்பு பெரிது என்றாலும். தட்டச்சுக்கு இனி உலாவியை நம்ப வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11-ல் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். வேர்டு, உலாவி, எங்கும் ஓடும். உலாவி அப்டேட் அதைத் தொடாது.

கேள்வி: ஒரு பழைய தளம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் ஓடும் என்கிறது. அந்த ஐகானை அழுத்தினால் எட்ஜ் திறக்கிறது. வேறொரு தளத்தில் டி.எஸ்.சி. (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) டோக்கன் செருகியிருந்தும் கையொப்பம் இட முடியவில்லை, குரோமிலும் அப்படியே. இரண்டுக்கும் என்ன செய்வது?
– ஆடிட்டர் அலுவலக ஊழியர், ஈரோடு

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாது.

முதலாவது: விண்டோஸ் 10-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு 2022 ஜூன் 15-ல் ஓய்வு கொடுத்தாயிற்று. அதன் இயந்திரம் மட்டும் எட்ஜுக்குள் 'ஐ.இ. மோடு' என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. எட்ஜின் செட்டிங்ஸில் 'டிஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குப் போங்கள். தளங்களை ஐ.இ. மோடில் மறுபடி ஏற்ற அனுமதிக்கும் வரியை 'அலவ்' என்று மாற்றி, எட்ஜை மூடித் திறங்கள். அதே பக்கத்தின் கீழே 'ஆட்' அழுத்தித் தளத்தின் முழு முகவரியைச் சேர்க்க வேண்டும். முகவரிப் பட்டையின் இடப்பக்கம் பழைய 'இ' சின்னம் தெரிந்தால் மோடு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இங்கே பலர் தடுமாறும் இடம்: இப்படிச் சேர்த்த முகவரி 30 நாள்தான் இருக்கும். 'போன மாதம் வேலை செய்தது, இப்போது இல்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவை இதுதான். காலாவதித் தேதி அந்தப் பட்டியலிலேயே எழுதியிருக்கும், மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாக்க குரூப் பாலிசி வழியாகத் தளப் பட்டியல் கோப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். இருபது கணினி உள்ள அலுவலகத்துக்கு அது லாபம். மூன்று கணினிக்கு மாதம் ஒருமுறை சேர்ப்பதே எளிது. பழைய தளங்கள் பயன்படுத்தும் ஆக்டிவ்எக்ஸ் என்ற சிறு நிரல் ஓடவில்லை என்றால், கண்ட்ரோல் பேனலின் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'டிரஸ்டட் சைட்ஸ்' பட்டியலில் அந்தத் தளத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஐ.இ. மோடு இன்னும் அந்தப் பழைய அமைப்புகளைத்தான் மதிக்கிறது. நீங்கள் பார்க்கும் எல்லாத் தளத்தையும் அங்கே போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது: முன்பு டோக்கனைத் தொட்டது ஜாவா ஆப்லெட். அதற்கு வேண்டிய சொருகி வசதியைக் குரோம் 2015 செப்டம்பரில் 45-ம் பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் 52-ம் பதிப்பிலும் நீக்கின. அதனால் ஜி.எஸ்.டி.க்கு எம்சைனர், வருமான வரித் தளத்துக்கு எம்பிரிட்ஜ் என்று கணினியிலேயே ஓடும் சிறு மென்பொருள்கள் வந்தன. வலைப்பக்கம் 127.0.0.1 என்ற உள் முகவரி வழியாக அதனோடு பேசுகிறது. ஆகவே இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் டோக்கனை விண்டோஸ் பார்க்கிறதா? ரன் பெட்டியில் சர்ட்எம்ஜிஆர்.எம்எஸ்சி (certmgr.msc) கொடுத்து, 'பெர்சனல்' பகுதியில் உங்கள் சான்றிதழ் இருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் டோக்கன் டிரைவர்தான் குற்றவாளி. உலாவியை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை. இருந்தால், கையொப்ப மென்பொருள் ஓடுகிறதா என்று கடிகாரத்துக்குப் பக்கத்து ஐகான் வரிசையில் பாருங்கள். இல்லாவிட்டால் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள். அதுவும் ஓடினால் மிஞ்சுவது உலாவி அனுமதி. 2025 இறுதியிலிருந்து குரோம், ஒரு தளம் உங்கள் உள்ளூர் வலையமைப்பையோ இதே கணினியையோ தொட முயன்றால் அனுமதி கேட்கத் தொடங்கியிருக்கிறது. அவசரத்தில் 'பிளாக்' அழுத்தியிருந்தால் அந்தத் தளத்துக்கு அது நினைவில் நிற்கும். முகவரிக்கு இடப்பக்க ஐகானை அழுத்தி, தள அமைப்புகளில் உள்ளூர் வலையமைப்பு அனுமதியைத் திறந்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் தோற்றால், அது தனக்கென்று தனிச் சான்றிதழ்ப் பெட்டகம் வைத்திருப்பதால் உள் மென்பொருளின் சான்றிதழை நம்பாமல் இருக்கலாம். சோதிக்கும்போது ஒரே ஒரு டோக்கன்தான் செருகியிருக்க வேண்டும்.

கேள்வி: கடையில் இரண்டு கணினிகள் விண்டோஸ் 7-ல் ஓடுகின்றன. குரோம் 109-க்கு மேல் ஏறவில்லை. பல தளங்களில் பட்டன்கள் கலைந்து நிற்கின்றன. ஃபயர்ஃபாக்ஸ் மாற்றினால் தீருமா?
– ஜெராக்ஸ் கடைக்காரர், தென்காசி

பதில்: பாதிதான் தீரும். விண்டோஸ் 7, 8.1-க்குக் குரோமின் கடைசிப் பதிப்பு 109. ஃபயர்ஃபாக்ஸில் 115 இ.எஸ்.ஆர். (நீண்டகால ஆதரவுப் பதிப்பு); குரோம் கைவிட்ட பிறகும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மொசில்லா பலமுறை நீட்டித்துக் கொடுத்தது. அந்த வகையில் 109-ஐ விட 115 மேல்.

கலைந்து நிற்பது வேறு விஷயம். தளங்களின் வடிவமைப்பு மொழியான சி.எஸ்.எஸ்.-இல் விதிக்குள் விதி எழுதும் வசதி குரோம் 112-லும் ஃபயர்ஃபாக்ஸ் 117-லும்தான் வந்தது. அதைப் பயன்படுத்திய தளம் உங்கள் இரண்டு உலாவிகளிலும் கலையும். 'ஹேஸ்' என்ற தேர்வு விதியோ குரோம் 105-இலேயே இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸுக்கு 121-ல் வந்தது. அது உங்கள் குரோமில் சரியாகவும் ஃபயர்ஃபாக்ஸ் 115-ல் தப்பாகவும் தெரியும். டெயில்விண்ட் 4 என்ற பிரபலமான வடிவமைப்புக் கருவி, குரோம் 111, ஃபயர்ஃபாக்ஸ் 128-க்குக் குறைந்த உலாவிகளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இந்த இடைவெளி இனிக் கூடுமே தவிரக் குறையாது. நீட்சி போட்டு அடைக்கக்கூடிய ஓட்டையும் அல்ல.

லினக்ஸ் மின்ட்டை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். உலாவி மட்டும் போதும் என்றால் தாராளமாக மாறலாம். ஆனால் ஜெராக்ஸ் கடைக்கு பிரின்டர்தான் முக்கியம். கேனன் எல்.பி.பி. 2900 போன்ற கேப்ட் டிரைவர் பிரின்டர்கள் லினக்ஸில் நிறையப் படுத்தும். கைரேகைக் கருவி வைத்திருந்தால் அதன் மென்பொருள் லினக்ஸில் உண்டா என்றும் விசாரியுங்கள். ஒரு கணினியை மட்டும் மாற்றி, பிரின்டரை மற்றதில் விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கேள்வி: பழைய ஃபயர்ஃபாக்ஸ் 102-ல் அத்தனை நீட்சியும் ஒரே நாளில் அணைந்தன. வைரஸா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வைரஸ் இல்லை, காலாவதி. நீட்சிகளின் கையொப்பத்தைச் சரிபார்க்க உலாவிக்குள் இருக்கும் மொசில்லாவின் மூலச் சான்றிதழ் ஒன்று 2025 மார்ச் 14-ல் முடிந்தது. 128 அல்லது அதற்கு மேல், இ.எஸ்.ஆர். என்றால் 115.13 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களுக்குப் புதிய சான்றிதழ் போயிருக்கும். 2019 மே 4-லும் இடைநிலைச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகி உலகம் முழுக்க நீட்சிகள் அணைந்தன. அடுத்த நாளே 66.0.4 வெளியிட்டுச் சரிசெய்தார்கள். உலாவியை உயர்த்துங்கள், நீட்சிகள் திரும்பிவிடும். நீட்சிகளை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டாம், அவற்றின் அமைப்புகள் போய்விடும்.

உயர்த்திய பிறகும் தளங்கள் எல்லாம் 'பாதுகாப்பற்றது' என்று மிரட்டினால் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய், நல்ல சான்றிதழ்கூட 'இன்னும் தொடங்கவில்லை' என்றாகிவிடும்.

கேள்வி: எல்லா உலாவியும் தன்னை 'மொசில்லா 5.0' என்று சொல்வது ஏன்? என் புராஜெக்ட் தளத்தில் உலாவியின் பெயரைப் பார்த்து வேறு வேறு பக்கம் காட்டலாமா?
– பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: காட்டாதீர்கள். தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப்புக்கு மட்டும் நல்ல பக்கம் கொடுத்த தளங்களை ஏமாற்ற மற்றவர்களும் அந்தப் பெயரைச் சூடிக்கொண்டார்கள். அது அப்படியே நின்றுவிட்டது. பெயர் பார்த்து முடிவெடுத்தால் என்னாகும் என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ் 110 நல்ல உதாரணம். உலாவி தளத்துக்கு அனுப்பும் அடையாள வரியில் 'ஆர்.வி. 11' என்று தேடும் தளங்கள் அதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 என்று நினைத்துவிடும். அதற்காகவே 110 முதல் 119 வரை அந்த எண்ணை 109 என்றே உறைய வைத்தார்கள். விண்டோஸ் 11-ம் அந்த வரியில் 10 என்றுதான் வரும்.

வசதி இருக்கிறதா என்று நேரடியாகச் சோதியுங்கள், சி.எஸ்.எஸ்.-க்கு 'சப்போர்ட்ஸ்' விதி இருக்கிறது. எந்த வசதியைத் தைரியமாகப் பயன்படுத்தலாம் என்பதற்கு 'பேஸ்லைன்' குறியைப் பாருங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி நான்கிலும் வந்து 30 மாதம் ஆனால்தான் அது 'பரவலாகக் கிடைக்கிறது' என்ற நிலைக்கு வரும். தென்காசிக் கடைக்காரர் போன்றவர்களின் பழைய உலாவிகளிலும் உங்கள் தளம் திறக்க வேண்டுமானால் அந்தக் குறி மட்டும் போதாது, 'சப்போர்ட்ஸ்' சோதனையும் வேண்டும்.

கேள்வி: வங்கித் தளத்தில் பணம் அனுப்பும் பொத்தான் திடீரென்று அசையவில்லை. பன்னிரண்டு நீட்சிகள் வைத்திருக்கிறேன். எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– பள்ளி ஆசிரியை, திருவாரூர்

பதில்: முதலில் நீட்சிதானா என்று உறுதி செய்யுங்கள். குரோமில் இன்காக்னிட்டோ சாளரத்தில் நீங்களாக அனுமதித்தவை தவிர நீட்சிகள் ஓடாது. ஃபயர்ஃபாக்ஸை ஷிஃப்ட் அழுத்திக்கொண்டே திறந்தால் பழுதுநீக்க முறையில் வரும். அங்கே பொத்தான் வேலை செய்தால் நீட்சிகளில் பாதியை, அதாவது ஆறை, அணையுங்கள். கோளாறு நீங்கினால் குற்றவாளி அந்த ஆறில். இல்லையேல் மற்ற ஆறில். மூன்று, நான்கு சுற்றில் சிக்கிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்தை மறுபடி ஏற்ற மறக்காதீர்கள். பணப் பரிமாற்றத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம். பயனாளியைச் சேர்க்கும் பக்கம் வரை போனால் போதும்.

கண்டுபிடித்த நீட்சி உங்களுக்கு வேண்டியது என்றால், அதன் விவரப் பக்கத்தில் தள அணுகலை 'ஆன் கிளிக்' என்று மாற்றுங்கள். நீங்கள் ஐகானைத் தொடும் பக்கத்தில் மட்டும் அது ஓடும். 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும்' என்று ஒரு நீட்சி கேட்டால், வங்கிப் பக்கமும் அதில் அடக்கம். நீட்சிகள் கைமாறுவதும் உண்டு. லட்சக்கணக்கானோர் நம்பிய 'தி கிரேட் சஸ்பென்டர்' 2020-ல் வேறு கைக்குப் போனது. 2021 பிப்ரவரியில் தீங்கு நிரல் இருப்பதாகச் சொல்லிக் கூகுள் அதை நீக்கியது. அப்டேட்டுக்குப் பிறகு ஒரு நீட்சி புதிதாக அனுமதி கேட்டுத் தானாக அணைந்து நின்றால், 'ஏற்கிறேன்' அழுத்துமுன் அதை வெளியிடுபவர் பெயர் மாறியிருக்கிறதா என்று கடைப் பக்கத்தில் பாருங்கள். வங்கி வேலைக்கு நீட்சியே இல்லாத தனி புரொஃபைல் ஒன்றைக் குரோமில் தொடங்கிக்கொள்வது இன்னும் நல்லது. மேல் வலப்பக்கப் படத்தை அழுத்தி 'ஆட்' கொடுத்தால் ஒரு நிமிட வேலை.